ஒரு பஸ்ஸுக்கு ஒரு வாய்

கம்பி வேலியில் ஒரு கண் எவ்வளவு பெரியது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மூன்றுக்கும் நடுவில் ஒரு சின்னப் புட்டு உருண்டை. இவ்வளவும் தாராளமாகப் போய்வரும். உருண்டை கொஞ்சம் பெரிதானால் கம்பியில் உரசி உதிர்ந்துவிடும்.

அது ஒக்டோபர் மாதம், முற்பகல் பதினொரு மணி. மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்த கார்த்ரியின் பின்பக்க வேலியோரம் நான் குந்தியிருந்தேன். கார்த்ரி என்பது வேலைக்குப் போகிற தாய் தகப்பன் பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகம். என் மடியில் மூடி திறந்த சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் என் மகள் ஷாமினி நின்றாள். மூன்று வயது. மஞ்சள் ஜக்கெற் போட்டு, காதை மூடித் தொப்பி வைத்து, வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

"கெதியா விழுங்கு பிள்ளை. மதாம் பாக்கப் போறா."

"முட்டையும் வை அப்பா."

முட்டையும் வைத்தேன்.

நான் அப்படிக் குந்தியது அது முதல் நாள் அல்ல, பதினோராவது நாள். கடைசி நாளும் அதுதான். அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன், முப்பத்தாறு வயது மனிதன் ஒருவன் ஏன் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலியோரம் பதுங்க வேண்டி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். என் மனைவி மெற்றில்டா அப்படித்தான் நினைத்தாள்.

ஜன்னலோரச் சாப்பாடு

எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதில்லை, தீத்துவார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் ஊட்டுவது என்று சொல்வதைத்தான் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நாங்கள் தீத்துவது என்போம். பிசைந்து, உருட்டி, முள் பார்த்து, சூடு பார்த்து வாயில் வைக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தானே அள்ளித் தின்பதைக் கண்டால், "தாய் எங்க போயிட்டாள்?" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். ஐந்து வயது வரைக்கும் தீத்துவது வழமை. ஏழு வயதிலும் தீத்துகிற வீடுகளை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. குசினி ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் தரிப்பிடம். ஷாமினி ஒன்றரை வயதிலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டாள். ஒரு பஸ் வந்து நின்றால் ஒரு வாய் வாங்குவாள். பஸ் வராவிட்டால் உலகமே அழிந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

காலையில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் வரும், சாப்பாடு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. பூசைக்குப் போய் வந்து மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால், எழும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு பனிப்புயல் நாளில் பஸ் ஓடவே இல்லை. பனி அள்ளும் வண்டியும் பஸ்தான் என்று சத்தியம் பண்ணி அன்றைய சாப்பாட்டை முடித்தேன்.

தீத்துகிற வேலை என்னுடையது. நான் பிளாஸ்டிக் பை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர வேலை செய்தேன். மெற்றில்டா விடியற்காலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போய்விடுவாள். அவள் வந்தபின் நான் போவேன். காலை நேரமெல்லாம் நானும் ஷாமினியும் ஜன்னலும்தான்.

"இந்த மாமா"

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் மூத்தவன் ரொஷானுக்கு நான் ஒரு வாய்கூடத் தீத்தியது இல்லை.

நான் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது அவனுக்கு ஆறு மாதம். என் அகதி வழக்கு முடிந்து, தாயையும் பிள்ளையையும் கூப்பிட்டு, அவர்கள் வந்து இறங்கியபோது மூன்று வயதைத் தொட்டுவிட்டான். விமான நிலையத்தில் நான் தூக்கப் போனபோது தாயின் காலுக்குப் பின்னால் ஒளித்தான். அது பரவாயில்லை, எந்தப் பிள்ளையும் செய்வதுதான். மூன்றாம் நாள் குசினியில் தாயிடம் கேட்டான்:

"அம்மா, இந்த மாமா எப்ப தன்ர வீட்டை போவார்?"

மெற்றில்டா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அவன் என் கையால் சாப்பாடு வாங்க மாட்டான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு தாயைத் தேடுவான். நானும் வற்புறுத்தவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் சாப்பிடும் நேரத்தில் நான் குசினியில் ஏதாவது கழுவிக்கொண்டு நிற்பேன். கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவியிருக்கிறேன். பிறகு சரியாகிவிட்டான். ஆனால் அதற்குள் அவனுக்குத் தீத்துகிற வயது போய்விட்டது.

அடுத்த வருடம் ஷாமினி பிறந்தாள். முதல் சோறு என் கையாலே வாங்கினாள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளை உடுப்பு

நான் சொல்கிற அந்த இலையுதிர் காலத்தில்தான் மெற்றில்டாவுக்குப் படிக்க இடம் கிடைத்தது. முதியோர் இல்லங்களில் நோயாளரைப் பராமரிக்கும் வேலைக்கான படிப்பு. அதற்கு வேண்டிய பிரெஞ்சை அவள் இரண்டு மாரி காலம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் வினைச்சொல் பாடமாக்கிக்கொண்டு வந்ததில் ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியே போய்விட்டாள்.

படிப்பவர்களுக்கு வெள்ளை உடுப்பு. அதை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி அலுமாரிக் கதவில் தொங்கவிடுவாள். பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"நாலு வருசமா மற்ற ஆக்கள் போட்ட குப்பையைக் கூட்டினது காணும்," என்றாள். "இனி மனுசரோட வேலை செய்யப் போறன்."

படிப்பு பகல் முழுக்க. நானோ மத்தியானம் இரண்டு மணிக்கு வேலைக்கு பஸ் ஏற வேண்டியவன். ரொஷான் பாடசாலையில். ஷாமினிக்குத்தான் இடம் வேண்டும். கார்த்ரியில் பெயர் பதிந்து இரண்டு வருடமாகக் காத்திருந்தோம். செப்டெம்பரில் இடம் இருக்கிறது என்று கூப்பிட்டபோது மெற்றில்டா தொலைபேசியை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

முதல் கிழமை ஷாமினி அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் அழுதன. இரண்டாம் கிழமை அழுகை நின்றது. ஆனால் சாப்பிடவில்லை.

கார்த்ரியில் ஒவ்வொரு நாளும் ஒரு துண்டுக் கடதாசி தருவார்கள். நித்திரை, விளையாட்டு, சாப்பாடு என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் சிரிக்கிற முகமோ அழுகிற முகமோ கீறியிருக்கும். சாப்பாட்டுக்கு எதிரில் எப்போதும் அழுகிற முகம். மத்தியானம் ஒன்றும் தின்னாமல் படுத்து, எழும்பும்போது பசியில் துவண்டு, குடலைப் புரட்டிச் சத்தி எடுப்பாள். அதற்குள் நான் வேலைக்குப் போயிருப்பேன். மெற்றில்டா படிக்கும் இடத்துக்குத் தொலைபேசி போகும். இரண்டு முறை அவள் வகுப்பிலிருந்து பாதியில் எழும்பி ஓடி வந்தாள்.

இரண்டாம் முறை அவளுடைய ஆசிரியை நிறுத்திச் சொல்லிவிட்டா: இன்னொரு தடவை இப்படிப் போனால் அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மதாம் சுசான் மெற்றில்டாவிடம் கேட்டிருக்கிறா: "வீட்டில் இவள் எப்படிச் சாப்பிடுகிறாள்? இங்கே சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருக்கிறாள். பல்லில் ஏதாவது கோளாறோ என்று ரோச் லைற் அடித்துக்கூடப் பார்த்தோம்."

மெற்றில்டாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளதைச் சொன்னாள். இனி வீட்டில் யாரும் ஊட்டக் கூடாது, இரண்டொரு கிழமையில் பழகிவிடுவாள் என்று மதாம் சொன்னா.

வீட்டுச் சட்டம்

"இண்டையிலிருந்து ஒருத்தரும் தீத்தக் கூடாது."

"சரி."

"சரியெண்டு சுவரைப் பாத்துச் சொல்லாதேங்கோ. உங்களுக்குத்தான் சொல்லுறன்."

"ஓமப்பா. வீட்டில தீத்தமாட்டன்."

மூன்று காலை நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கோப்பையில் புட்டும் வாழைப்பழமும் வைத்து, பக்கத்தில் கரண்டியும் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தேன். முதல் நாள் பஸ் வந்தது. ஷாமினி வாயைத் திறந்தாள். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸுக்கும் திறந்தாள். இரண்டாம் நாள் அழுதாள், கரண்டியைத் தள்ளினாள்.

மூன்றாம் நாள் பஸ் வந்து நின்று போனது. அவள் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவன் என்னைப் பார்த்த பார்வை அது. வேறு ஆளைப் பார்ப்பது போல.

என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் வீட்டில் தீத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே. யோசித்தேன். வீட்டில்தானே கூடாது?

ஜக்கெற்றுக்குள் புட்டு

மொன்றியலில் இலையுதிர் காலத்தில் என்ன உடுப்பது என்று கண்டுபிடித்தவர் எவரும் இல்லை. காலையில் மூக்கு விறைக்கும். மத்தியானம் வியர்க்கும். பின்னேரம் மழை பெய்யும். காலையில் எல்லாவற்றையும் கொளுவிக்கொண்டு போகிற பிள்ளைகள் பின்னேரம் எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதிலும் ஒரு கையுறை குறையும். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் சோடி இல்லாத கையுறை ஒரு பை நிறைய இருந்தது.

எனக்கு அந்தக் குளிர் வசதியாக இருந்தது. பெரிய ஜக்கெற்றுக்குள் சாப்பாட்டுப் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனால் புட்டு சூடு ஆறாது. சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளைப் பின்வளவில் விளையாட விடுவார்கள். மதாம் சுசான் ஊஞ்சல் பக்கம் நிற்பா. வேலியின் மற்ற மூலையில் புதர் இருந்தது. இலை கொட்டக் கொட்ட அந்தப் புதர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

முதல் நாள் ஷாமினி என்னைக் கண்டு கத்தாமல் மெதுவாக நடந்து வந்தாள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் களவு செய்ய யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு பின்னேரத் தொலைபேசி நின்றுவிட்டது. மெற்றில்டா நிம்மதியாகப் படித்தாள். ஆனால் துண்டுக் கடதாசியில் மட்டும் சாப்பாட்டுக்கு எதிரில் அதே அழுகிற முகம். பிள்ளை மத்தியானம் தொடுவதே இல்லை, ஆனால் துவளவும் இல்லை, இது என்ன அதிசயம் என்று மதாம் சுசானுக்குக் குழப்பம். வைத்தியரிடம் காட்டச் சொன்னா. ஏதாவது பெரிய நோய் வருத்தமாக இருக்குமோ என்று மெற்றில்டா பயந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். பிள்ளை சாப்பிடத் தொடங்கினால் ஒன்பது செவ்வாய் உபவாசம் இருப்பதாக நேர்த்தி வைத்தாள். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். அந்தோனியாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குப் புட்டு அவித்தேன்.

பதினோராவது நாள்

இப்போது வேலிக்குத் திரும்பி வரலாம்.

முட்டையும் வைத்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த நேரம் ஷாமினிக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வந்து நின்றாள். சிவப்புச் சப்பாத்து, சுருட்டை முடி. எமிலி என்று பெயர். சில நாளாகவே அவள் தூரத்தில் நின்று பார்ப்பதை நான் கவனித்திருந்தேன். அன்று நேரே வந்து, முகத்தைக் கம்பியோடு வைத்து, வாயைத் திறந்தாள்.

திறந்த வாயில் வைப்பது என் கையின் பழக்கம். நான் யோசிக்கவே இல்லை. வைத்துவிட்டேன்.

எமிலி மென்றாள். நல்லாயிருக்கிறது என்று தலையாட்டினாள். அப்போதுதான் மதாம் சுசான் கத்தினது கேட்டது.

கார்த்ரிக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கும். கச்சான் கடலைப் படத்துக்கு மேல் சிவப்புக் கோடு. வெளிச் சாப்பாடு கொண்டு வரக் கூடாது என்று கீழே எழுதியிருக்கும். ஒவ்வொரு நாளும் பார்ப்பேன். அது எந்தப் பிள்ளைக்காக ஒட்டப்பட்டது என்று நான் கேட்டதில்லை. அது எமிலிக்காக. கச்சான் போன்றவை பட்டால் அவளுக்கு மூச்சு அடைத்துவிடுமாம்.

"உள்ளே என்ன இருக்கிறது? என்ன இருக்கிறது?" மதாம் சுசான் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டா.

மா, முட்டை, தேங்காய்ப்பூ. தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். தேங்காய் என்றதும் எமிலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினா. தேங்காயும் அந்தப் பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ என்று யாருக்கும் நிச்சயமில்லை.

என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். எதிரில் எமிலியை மடியில் வைத்தபடி மதாம் சுசான். கையில் ஊசி மருந்து தயாராக இருந்தது. வைத்தியசாலையோடு தொலைபேசியில் கதைத்துக் கதைத்துப் பிள்ளையின் நாக்கைப் பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள். எமிலியின் தாய் வேலையிலிருந்து ஓடி வந்தா. மூச்சு வாங்க வந்து பிள்ளையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. "தெசோலே, தெசோலே," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறு சொல் எனக்கு வரவில்லை.

முக்கால் மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை. எமிலிக்கு அலுப்புப் பிடித்துவிட்டது, விளையாடப் போக வேண்டும் என்று சிணுங்கினாள். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். மற்றவர் வீட்டுப் பிள்ளை. என் பாசம் எனக்குப் பெரிது என்று அந்தத் தாயிடம் சொல்ல முடியுமா?

கார்த்ரியின் பொறுப்பாளர் அம்மா தொலைபேசியை எடுத்து, மெற்றில்டா படிக்கும் இடத்தின் இலக்கத்தைத் தேடினா. நான் எழும்பி நின்றேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம், பிரெஞ்சு, கையசைவு எல்லாவற்றையும் சேர்த்துக் கெஞ்சினேன். அவளைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் அவளுடைய படிப்புப் போய்விடும். பிழை என்னுடையது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைத் திட்டுங்கள்.

அவ தொலைபேசியை வைத்துவிட்டு, நாளை வகுப்பு முடிந்தபின் நாலரைக்கு இரண்டு பேரும் வர வேண்டும் என்றா. ஷாமினிக்கு இனி இடம் உண்டா இல்லையா என்று அப்போது முடிவு சொல்வார்களாம்.

மெற்றில்டா சொன்னது

அன்று பின்னேர இடைவேளையில் தொழிற்சாலைத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ரொஷான் பாடசாலைக்குக் கொண்டுபோக இலை ஒட்டுவதற்குப் பசை கேட்டுக் கத்துவது மட்டும் கேட்டது.

"எத்தினை நாளா?"

"பதினொரு நாள்."

"அப்ப, அந்தோனியாருக்கு முன்னால என்னோட சேந்து முழங்கால்ல நிண்டீங்கள்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பிள்ளைக்கு என்ன வருத்தமோ எண்டு நான் அழுதழுது நேர்த்தி வைக்கேக்க பக்கத்தில நிண்டீங்கள்."

தொலைபேசியை வைத்துவிட்டாள். படிப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் வேலைக்கு லீவு போட்டேன். மெற்றில்டா வெள்ளை உடுப்போடு நேரே வந்தாள். பொறுப்பாளர் அம்மா கதைத்தா, மதாம் சுசான் கதைத்தா. பிறகு மெற்றில்டா கதைத்தாள். அவள் பிரெஞ்சில் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதே இல்லை. தடங்கல் இல்லாமல் வந்தது. எனக்கு விளங்கிய சொல் பஸ் ஒன்றுதான். நடுவில் மூன்று பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மதாம் சுசான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினா.

வெளியே வந்ததும் கேட்டேன்:

"என்ன சொன்னீர்?"

"நீங்கள் பொல்லாத ஆள் இல்லை, ஆனா உங்களை நம்பேலாது எண்டு சொன்னனான்."

மாத முடிவு வரைக்கும் தவணை தந்தார்கள். அதற்குள் ஷாமினி தானாகச் சாப்பிட வேண்டும். நான் வேலிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது, அது மதாம் சுசானின் யோசனை. வெள்ளிக்கிழமை நான் கார்த்ரிக்கு வந்து பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து மத்தியானம் சாப்பிட வேண்டும். என் கோப்பையில், என் கையால், மகளைத் தொடாமல்.

சின்னக் கதிரை

அந்தக் கதிரையின் உயரம் ஒரு சாண். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வர உட்கார்ந்தேன். சுற்றிலும் எட்டுப் பிள்ளைகள். எமிலி எதிரில் இருந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். மதாம் சுசான் "இல்லை" என்றா.

அன்று சாப்பாடு இந்த ஊர்க்காரர் விரும்பித் தின்பது. அடியில் அரைத்த இறைச்சி, நடுவில் சோளம், மேலே உருளைக்கிழங்கு மசியல். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. முள்ளுக்கரண்டியால் எடுத்து வாயில் வைத்தேன். பக்கத்தில் ஷாமினி கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா. தீத்து."

நான் என் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"அப்பா."

அந்தச் சாப்பாட்டை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தோற்றிருப்பேன். மற்றப் பிள்ளைகள் தின்று முடித்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். என் கோப்பையும் முடிந்தது. மதாம் சுசான் கண்ணால் ஒரு சாடை காட்டினா. திரும்பவும் கொஞ்சம் போட்டுக்கொண்டு தின்றேன்.

ஓரக்கண்ணில் ஒரு கை தெரிந்தது. ஷாமினி ஒரு சோள மணியை எடுத்தாள். அதைப் பார்த்தாள். வாயில் வைத்தாள். பிறகு இன்னொன்று. சோளத்தை மட்டும் ஒவ்வொன்றாக, கிளறிக் கிளறி எடுத்து, கோப்பையில் ஒன்றும் மிச்சமில்லாமல் தின்றாள். மதாம் சுசான் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றா.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், வயிறு எரிந்தது. அடுத்த கிழமை கரண்டி பிடித்தாள். அதற்கடுத்த கிழமை துண்டுக் கடதாசியில் சிரிக்கிற முகம் வந்தது. மெற்றில்டா அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, அடுத்த செவ்வாயிலிருந்து உபவாசம் தொடங்கினாள். என்னையும் இருக்கச் சொன்னாள். ஒன்பது செவ்வாயும் இருந்தேன்.

ஒரு ஞாயிறு

மெற்றில்டா அந்தப் படிப்பில் நல்லபடியாகத் தேறினாள் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வருவது அதற்கு முன் வந்த செய்முறைச் சோதனையைப் பற்றி.

நவம்பரில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கிறோம். மரங்களில் ஒரு இலை கிடையாது. மெற்றில்டா வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, நாளைக்குச் சோதனை. நீங்கள்தான் நோயாளி."

"எனக்கென்ன வருத்தம்?"

"கை ரெண்டும் வழங்காது."

கழுத்தில் துவாயைக் கட்டினாள். கையைப் போர்வைக்குள் விடச் சொன்னாள். ஏழு வயது ரொஷான் பாடக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் ஒவ்வொரு விதியாக உரத்து வாசித்தான். நோயாளியின் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். அரைக் கரண்டிதான் எடுக்க வேண்டும். விழுங்கினதைப் பார்த்த பிறகே அடுத்தது. அவசரப்படுத்தக் கூடாது. வாயில் சாப்பாடு இருக்கும்போது நோயாளியைக் கதைக்க விடக் கூடாது.

சோறும் பருப்பும் பிசைந்து, கரண்டியில் எடுத்து, மெற்றில்டா என் வாயில் வைத்தாள். தொலைபேசியில் கதைத்த அந்த நாளுக்குப் பிறகு அவள் என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். தொண்டையைக் கவனித்தாள், காத்திருந்தாள், அடுத்த கரண்டியை எடுத்தாள்.

மேசையின் மற்றப் பக்கத்தில் ஷாமினி தன் கோப்பையைத் தானே காலி பண்ணிக்கொண்டிருந்தாள். பாதி வாயில், பாதி நிலத்தில். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அம்மா, அப்பாக்கு ஏன் தீத்துறீங்கள்? அவருக்குக் கை இருக்குத்தானே?"

எனக்குக் கதைக்க உத்தரவு இல்லை. வாயில் சோறும் இருந்தது. விழுங்கினேன்.